நாற்பதைத் தாண்டி வந்த ஆஸ்துமா போய்விடுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. பேக்கரியில் மாவு பிசைகிறேன். ஒரு வருடமாக ஆஸ்துமா. சின்ன வயதில் என் அண்ணன் மகனுக்கு வந்தது, வளர்ந்ததும் போய்விட்டது. எனக்கும் போகுமா? லீவு நாட்களில் மூச்சு நன்றாக இருக்கிறது, அப்போது இன்ஹேலரை நிறுத்திவிடுகிறேன். தொடர்ந்து எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே?

பதில்: லீவு நாளில் மூச்சு நன்றாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. மாவுத்தூளால் ஆஸ்துமா வரும். மரத்தூள், ஸ்ப்ரே பெயிண்ட் இவற்றாலும் வரும். உங்களுக்கும் அப்படியா என்று அவசியம் பார்க்க வேண்டும். சந்தேகத்தை வைத்து உடனே வேலையை விட்டுவிடாதீர்கள். வேலையில் இருக்கும்போதே சோதித்தால்தான் தெளிவாகத் தெரியும். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறோம் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் தினமும் 4 முறை ஊதி, வேலை நாள், லீவு நாள் இரண்டையும் 3, 4 வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாவுதான் காரணம் என்று உறுதியானால், எவ்வளவு சீக்கிரம் அதைவிட்டு விலகுகிறீர்களோ அவ்வளவு நல்லது. வருடக்கணக்கில் சுவாசித்த பிறகு விலகினால், ஆஸ்துமா தங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

சரி, போய்விடுமா? குழந்தைகளுக்குப் போவதுபோலப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போவதில்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகாத நோய் எல்லாம் முற்றிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக மருந்து எடுக்கும் பலர் இரவில் நிம்மதியாகத் தூங்கி, மாடிப்படி ஏறி, வழக்கம்போல வாழ்கிறார்கள். நுரையீரலின் திறன் வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். புகைபிடிப்பவர்களுக்கும், ஆஸ்துமாவால் மூச்சுக்குழாயின் உள்ளே வரும் வீக்கத்தைக் கவனிக்காமல் விடுபவர்களுக்கும் அது வேகமாகக் குறையலாம்.

அந்த வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தியதும் இழுப்பு திரும்புவது, உள்ளே வீக்கம் இன்னும் இருப்பதால்தான். மூன்று மாதம் போல நன்றாக இருந்தால் மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். மூச்சு திணறும்போது உடனடி நிவாரணத்துக்கு மட்டும் எடுக்கும் இன்ஹேலர் வீக்கத்தைத் தொடாது. அது வருடத்துக்கு 3 கேன் தீர்கிறது என்றாலே ஆபத்தான அறிகுறி.

அப்புறம், வலி மாத்திரை போட்டால் மூச்சு இறுக்குகிறதா, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது, அவர் முன்னாலேயே இன்ஹேலரை ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். தவறான முறையில் எடுப்பவர்கள்தான் அதிகம்.