ஆறுதலாக ஒரு பிளேன்டீ

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பழையில் மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். நாலாவது முடிந்துவிட்டது. மகள் கனடாவில். சமையல், மருந்து, கிளினிக், பார்க்க வருகிற சனம் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். நேற்று விடியக் கிணற்றடியில் பத்து நிமிடம் சும்மா இருந்தேன். மனம் லேசானது. அவள் உள்ளே சத்தியோடு கிடக்க எனக்கென்ன சுகம் என்று உடனே குத்தியது. இது பிழையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

பதில்: ஐயா, நாளைக்கும் கிணற்றடிக்குப் போங்கள். நீங்கள் எழும்பி உள்ளே போனதால் அவருக்குச் சத்தி நின்றுவிட்டதா? இல்லையே.

உங்கள் கடிதத்தில் கிணற்றடியைவிட என்னை யோசிக்க வைத்தது 'பார்க்க வருகிற சனம்' என்பதுதான். நம் ஊரில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வீட்டுக்காரரை ஆறுதலாக இருக்க விடுவதில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, இன்னாருக்கும் இதே வருத்தம்தான், பாவம் போய்விட்டார் என்று கதை சொல்லுவார்கள். தேத்தண்ணி போடுவது நீங்கள்! கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். வருகிற ஒருவருடைய தடிமன்கூட உங்கள் மனைவிக்கு ஆபத்தாகலாம். ஆகவே "டொக்டர் ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்றவர்" என்று சொல்லிப் படலையைச் சாத்துங்கள். பொய்யும் இல்லை, கிளினிக்கில் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்லுவார்கள். என்ன உதவி வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறவரிடம், புதன்கிழமை இரவுக்கு இடியப்பமும் சொதியும் படலையில் கொழுவிவிடச் சொல்லுங்கள். தாளிக்கிற மணம் மனைவிக்குக் குமட்டும். அன்றைக்கு உங்கள் குசினிக்கும் லீவு.

அப்புறம், கிணற்றடியில் இருந்தாலும் காது அறைக்குள்ளேதான் இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. கட்டிலடியில் தேர்மோமீற்றர் வையுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், பழைய பரனைட் கணக்கில் 100.4, அதைத் தொட்டால் நடுச்சாமம் என்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வார்ட் நம்பரை எழுதிச் சுவரில் ஒட்டி, ஓட்டோக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு பையையும் கட்டி வைத்துவிட்டால் காது கொஞ்சம் அடங்கும். என் தாயாரைப் பராமரித்த காலத்தில், அந்தப் பையைக் கட்டிய இரவுதான் நான் நித்திரை கொண்டேன்.

கிழமைக்கணக்கில் நித்திரையும் பசியும் இல்லையென்றால், அடுத்த கிளினிக்கில் உங்களைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மகள் இரவில் கோல் எடுத்து "அம்மா எப்படி?" என்று உங்களிடம்தானே கேட்பா? இன்றைக்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவின் கையில் கொடுங்கள். தாயும் மகளும் அரை மணித்தியாலம் கதைக்கட்டும், அழுதாலும் அழட்டும். நீங்கள் ஒரு பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டுமாக விறாந்தைக்கு வந்துவிடுங்கள்.