லூசியானா: வண்டலும் வெண்டைக்காயும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரில் 19 ஆண்டுகளாக வசிக்கிறேன். படித்தது ஆற்று நீரியல். சமையல் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கற்றது. இந்த இரண்டிலும் கேளுங்கள்.

கேள்வி: லூசியானாவின் தலைநகர் நியூ ஆர்லியன்ஸ்தானே?

இல்லை. பேட்டன் ரூஜ்.

கேள்வி: மாநிலம் கரைந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே, கடல்மட்டம் உயர்வதாலா?

அது ஒரு பங்குதான். தென் லூசியானாவின் பெரும்பகுதி மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். புது வண்டல் தன் எடையிலேயே அமுங்கும். வெள்ளம் வரும்போதெல்லாம் மேலே இன்னொரு படலம் பூசிவிட்டுப் போனவரை கணக்கு நேராக இருந்தது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு கரைகளை உயர்த்தி ஆற்றை அடைத்தார்கள். ஊர்கள் பிழைத்தன; வண்டல் ஆழ்கடலுக்குப் போனது. போதாக்குறைக்கு, எண்ணெய் எடுக்கச் சதுப்பில் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் ஏறிப் புல்லைக் கொன்றது. வேர் செத்தால் மண் நிற்குமா? 1932 முதல் போன நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவுக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். இருபுறமும் தண்ணீருக்குள் பட்டுப்போன ஓக் மரங்கள், பட்டை உரிந்து எலும்பு வெள்ளையாக. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை அரசுப் பணத்தில் மேட்டுநிலத்துக்குக் குடியமர்த்தினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு இடம் மாறத் துடிக்கிறது. அச்சாஃபலாயா என்ற கிளையாறு வழியாகப் போனால் கடலுக்குப் பாதித் தூரம்தான். தண்ணீருக்கு அது போதாதா? அதைத் தடுக்க 1963-ல் ஓல்ட் ரிவர் கதவணை வந்தது. சிவப்பு ஆறும் மிசிசிப்பியும் சேர்ந்து கொண்டுவரும் நீரில் 30 சதவீதம் மட்டுமே அச்சாஃபலாயாவுக்கு என்று கணக்கு. 1973 வெள்ளம் கதவணையின் அடித்தளத்தை அரித்து, ஒரு பக்கச்சுவரைச் சாய்த்துவிட்டது. முழுவதும் போயிருந்தால்? பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவில் வரிசையாக நிற்கும் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் இந்த நன்னீரையும் கப்பல் வழியையும் நம்பியே உட்கார்ந்திருக்கின்றன. பொருளாதாரம் பற்றிக் கேட்ட மூவருக்கும் இதுவே பதில். அதே 1973 வெள்ளத்துக்குப் பிறகு அச்சாஃபலாயா நீர் கடலில் சேரும் இடத்தில் தலைகாட்டிய வாக்ஸ் லேக் கழிமுகமோ இன்றும் வளர்கிறது. ஆற்றை விட்டால் நிலம் போடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: மாவட்டத்துக்கு அங்கே வேறு பெயராமே?

பாரிஷ். மொத்தம் 64. கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளின் எல்லையிலிருந்து வந்த பெயர்.

கேள்வி: முதலை பயம் உண்டா?

முதலையை விடுங்கள், அது உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகும். மழைநாளில் தேங்கிய தண்ணீரில் காரை இறக்காதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் பாதி ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே. மழைநீரையே பம்பு வைத்துத்தான் இறைக்கிறார்கள்.

கேள்வி: தலைநகர் நியூ ஆர்லியன்ஸ் என்று படித்தேன்...

மேலே பாருங்கள்.

கேள்வி: லூசியானாவின் கம்போ குழம்பில் வெண்டைக்காய் கட்டாயமா?

கட்டாயமில்லை. எண்ணெயும் மாவும் சம அளவு போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை கிண்டுவதுதான் கட்டாயம். பாட்டி கிண்டத் தொடங்கினால் தொலைபேசி மணி அடித்தாலும் எடுக்கமாட்டார். கரும்புள்ளி ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

கேள்வி: தவறு. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயின் பெயரே கம்போவாகியிருக்கிறது. அது இல்லாமல் எப்படி?

சொல் சரி. ஆனால் பூர்வகுடிகளான சோக்டா மக்கள் சசாஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. வழக்கம் என்னவென்றால், கோடையில் வெண்டைக்காய், அது காய்க்காத குளிர்காலத்தில் இந்தப் பொடி. குழம்பைக் கெட்டியாக்க ஒன்று போதும்.

கேள்வி: என் தோழி தக்காளியும் சேர்ப்பாள்.

நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் வீட்டுப் பெண்ணாக இருப்பார்; பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்த பழங்குடும்பங்களை அப்படிச் சொல்வார்கள். மேற்கே கேஜன் வீடுகளில் சொல்லிப் பாருங்கள், வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கேஜன் என்பவர்கள், 1755 முதல் கனடாவின் அக்கேடியாவிலிருந்து பிரிட்டிஷார் துரத்திய பிரெஞ்சு மக்களின் வழிவந்தவர்கள். தக்காளி விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

கேள்வி: நெல் விளையுமா?

விளையும், குரோலி ஊரைச் சுற்றி. அறுவடைக்குப் பின் அதே வயலில் தண்ணீர் கட்டி கிராஃபிஷ் வளர்ப்பார்கள். கொடுக்கு வைத்த நன்னீர் இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் பார்க்கப் போனால், மழையில் காரை... சொல்லிவிட்டேன்.

கேள்வி: விசா கிடைக்குமா?

குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு காலத்திலாவது நியூ ஆர்லியன்ஸ் தலைநகராக இருந்ததா?

இப்படிக் கேட்டால் பதில் உண்டு. இருந்தது. பேட்டன் ரூஜுக்கு மாற்ற 1846-ல் சட்டமன்றம் முடிவெடுத்தது.

கேள்வி (வெண்டைக்காய்க் கட்சிக்காரரேதான்): உறையவைத்த வெண்டைக்காய் இப்போது டிசம்பரிலும் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. சரி, போடுங்கள். பொடியும் தூவத்தான் போகிறீர்கள் என்றால் அடுப்பை அணைத்தபின் தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் நாராய் இழுக்கும்.