கல்விக் கடன்: அரசின் உத்தரவாதம் யாருக்கு?

கேள்வி: நான் விசைத்தறித் தொழிலாளி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய். கலந்தாய்வு மூலம் பொறியியல் படிப்பில் இடம் பெற்றுள்ள என் மகளுக்காக 5 லட்சம் ரூபாய் கல்விக் கடன் கேட்டுள்ளோம். அரசு உத்தரவாதம் இருப்பதால், கட்ட முடியாமல் போனாலும் எங்களுக்குப் பாதிப்பில்லை என்கிறார் நண்பர். வங்கியோ என் கையெழுத்தையும் கேட்கிறது. வீட்டுப் பத்திரமும் தர வேண்டுமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: நண்பரின் பேச்சை நம்பிக் கையெழுத்திட வேண்டாம், கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு என்பதை உணர்ந்து கையெழுத்திடுங்கள். ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதியம் அளிக்கும் 75 சதவீதப் பாதுகாப்பு வங்கிக்கானதே தவிர, கடன் வாங்கியவருக்கானது அன்று. தவணை நின்றால், இணைக் கடன்தாரர் என்ற முறையில் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் மகளுடையதோடு சேர்ந்தே சரியும். ஆனால், அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் இந்த வரம்புக்குள் சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. ஆகவே பத்திரம் தேவையில்லை. நான்கு லட்சத்தைத் தாண்டுவதால் செலவில் 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டியிருக்கும். உதவித்தொகை கிடைத்தால் அதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு உண்மையில் பெரிய உதவி வட்டி மானியமே. ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வீதம் கடன் விடுவிக்கப்பட்டு, வட்டி 10 சதவீதம் எனக் கொண்டால், நான்காண்டுப் படிப்பும் அதன் பிறகான ஓராண்டு அவகாசமும் முடிவதற்குள் தனிவட்டி மட்டுமே 1,75,000 ரூபாய் சேர்ந்துவிடும். தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை) தரச்சான்றோ பாடப்பிரிவு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ பெற்றிருந்தால், இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும். மகள் படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, அச்சலுகை கிடைக்காது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் கடனுக்கே மானியம் உண்டு. அவசரத்துக்கு உங்கள் பெயரில் தனிநபர் கடன் வாங்கினால் அது கிடைக்காது. எனவே, எந்தத் திட்டத்தின்கீழ் கடன் அனுமதிக்கப்படுகிறது என்பதை அனுமதிக் கடிதத்தில் பார்த்து உறுதி செய்த பின்னரே கையெழுத்திடுங்கள். வட்டாட்சியரிடமிருந்து வருமானச் சான்றிதழை இப்போதே பெற்று வங்கியில் ஒப்படையுங்கள்.