இரத்தம் ஊறவிடாமல் தடுக்கும் காவல் அணுக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் என் அம்மாவின் ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கிவிட்டது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு மட்டும் உருவாகவில்லை என்கிறார்கள். இப்படியும் நடக்குமா?

பதில்: நடக்கும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் வழக்கம்போல் உருவாகிக்கொண்டிருக்க, சிவப்பணுவின் வரிசை மட்டும் தொடக்கத்திலேயே அறுந்துபோகும் இந்நோய்க்குப் 'பியூர் ரெட் செல் அப்ளேசியா' என்று பெயர்; 1922-இல் பால் கஸ்னெல்சன் இதைத் தனியொரு நோயாக விவரித்தார். பலரிடம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே அந்த வரிசையை அறுத்துவிடுகின்றன. நலமான உடலில் நொடிக்கு ஏறத்தாழ இருபது லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே உற்பத்தி முற்றிலும் நின்றாலும் நாளொன்றுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தம் குறையும். நோயாளி வாரக்கணக்கில் மெல்லச் சோர்ந்து, அதை வயதின் தளர்ச்சி என்றே எண்ணிக்கொள்வார். இளம் சிவப்பணுக்களை எண்ணும் ரெட்டிகுலோசைட் சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும். விலை குறைந்த அந்தச் சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரையை மட்டும் நீட்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: கிருமியைக் கொல்ல வேண்டிய அணுக்கள் சிவப்பணுவை மட்டும் ஏன் குறிவைக்கின்றன?

பதில்: இந்நோயில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். நம் உடலின் பெரும்பாலான அணுக்கள் தம் மேற்பரப்பில் ஹெச்எல்ஏ எனும் புரதத்தை ஏந்தியிருக்கின்றன. கொல்லும் அணுக்கள் சிலவற்றில், அப்புரதம் தட்டுப்பட்டதும் கையைக் கட்டிப்போடும் தடுப்பு ஏற்பிகள் உண்டு. சிவப்பணுவாகப் போகும் இளம் அணுவோ, முதிர முதிர ஹெச்எல்ஏ-வை இழந்துகொண்டே வருகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான கொல்லும் டி அணுக்களுள் ஒரே வம்சம் கட்டுமீறிப் பெருகும் எல்ஜிஎல் இரத்தப்புற்று வகையில், அவற்றைத் தடுத்து நிறுத்தும் அடையாளம் குறைந்துபோன இந்த இளம் அணுக்கள் இரையாகிவிடுகின்றன என்பது ஆய்வுகள் காட்டிய ஒரு வழி. எல்லா நோயாளிகளிடமும் இதே வழிதான் என்று சொல்ல முடியாது. டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா எனும் புரதமும் சிவப்பணுவின் மூதாதை அணுக்களை வளரவிடாமல் அடக்கக்கூடியது.

கேள்வி: இரத்தசோகைக்கு நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களே?

பதில்: டி அணுக்கள் பயிற்சி பெறும், நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருந்தாலும் இந்நோய் வரும். கட்டியை அகற்றிய பிறகும் பலருக்கு மருந்து தேவைப்படுகிறது.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். என் இரத்தசோகையும் இதே வகைதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அழற்சியின்போது நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-6, கல்லீரலை ஹெப்சிடின் எனும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க வைக்கிறது; அது குடலிலிருந்தும் இரும்பைச் சேமிக்கும் மேக்ரோபேஜ் அணுக்களிலிருந்தும் இரும்பு வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகிறது. களஞ்சியம் நிறைந்திருக்க, உலையில் அரிசி இல்லாத நிலை இது. மூட்டின் அழற்சி அடங்கினால் இரத்தமும் பெரும்பாலும் தானே ஏறும்.

கேள்வி: டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியே இந்நோயைக் கொண்டுவருமா?

பதில்: அரிதாக வரும். ஊசி மருந்துக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், சிறுநீரகம் சுரக்கும் சொந்த எரித்ரோபாய்டினையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. 2002-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் இத்தகைய 13 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. அந்நிலையில் ஊசியின் அளவைக் கூட்டக் கூடாது, நிறுத்த வேண்டும்.

கேள்வி: முதலில் கேட்டவரின் அம்மாவுக்கு என்ன சிகிச்சை? இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கலாமா?

பதில்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்குமுன் பார்வோ வைரஸ் பி19 இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்; எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் அது சிவப்பணுவின் இளம் அணுக்களுக்குள் புகுந்து இதே தோற்றத்தை உண்டாக்கும், இம்யூனோகுளோபுலின் ஊசிக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். அது இல்லையெனில் ஸ்டீராய்டு அல்லது சைக்ளோஸ்போரின் தரப்படுகிறது. பின்னதற்குச் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குணம் தெரிந்ததும் மருந்தைச் சட்டென நிறுத்தினால் நோய் திரும்புவது வழக்கம் என்பதால், மருத்துவர் சொல்லும்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை இரத்தம் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு பையோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி இல்லை. ஆகவே பைகளின் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை அவ்வப்போது பாருங்கள், இப்போது சாப்பிடும் இரும்பு மாத்திரை இனியும் தேவையா என்று அம்மாவின் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.