நாள்பட்ட வலி உள்ளவர்கள் தினமும் நடக்கலாமா?

நடக்கலாம். 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதோ, விட்டுவிட்டு வருவதோ நாள்பட்ட வலி. பலருக்குக் காயம் ஆறிய பிறகும் நரம்புகள் உஷாராகவே இருக்கும், பூனை உரசினாலே அலறும் கார் அலாரம் மாதிரி. படுத்தே கிடந்தால் தசை இளைத்து, மூட்டு இறுகி, அலாரம் இன்னும் சீக்கிரம் அடிக்கும். அளவான நடை அதை மெல்ல அடக்கும்.

நல்ல நாளில் புதுச்சேரி கடற்கரைச் சாலையை முழுக்க அளந்துவிட்டு மறுநாள் முடங்குவதுதான் பலரும் செய்வது. மோசமான நாளிலும் முடிகிற தூரமே உங்கள் அளவு. காந்தி சிலைப் பக்கம் 5 நிமிடம் என்றாலும் சரி. மாலையில் அங்கே வண்டித் தொல்லை இல்லை, தரையும் சமம். (மணலில் வேண்டாம், கால் புதையும்.) வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள்.

புதிதாக வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி, நடக்கையில் கொஞ்சம் வலி கூடினாலே மூட்டு தேய்கிறது என்று அர்த்தமில்லை.