விண்டோஸில் ஒரு புரோகிராம் தன் செட்டிங்ஸை எங்கே சேமிக்க வேண்டும்?

கேட்டிருப்பது இது: பில்லிங் புரோகிராம் ஒன்று, எக்ஸிஇ (புரோகிராமை ஓட்டும் கோப்பு) இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு ஐஎன்ஐ கோப்பில், அதாவது வெறும் எழுத்தாலான செட்டிங்ஸ் கோப்பில், செட்டிங்ஸை எழுதுகிறது. புரோகிராமை எழுதியவர் கணினியில் சரியாக ஓடுகிறது. கடையில் நிறுவினால் சேமிக்க மறுக்கிறது.

உங்கள் கணினியில் அது புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது. கடையில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய்விடுகிறது. அங்கே சாதாரண யூசர் படிக்கலாம், எழுத முடியாது. கோளாறு அவ்வளவுதான்.

இதே கோளாறு சில சமயம் வேறு முகத்தோடு வரும். 32 பிட் புரோகிராமின் மேனிஃபெஸ்ட்டில் (புரோகிராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) என்ன அனுமதி வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால், விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் எரர் காட்டாமல், எழுதுவதை அந்த யூசரின் ஆப்டேட்டா (ஒவ்வொரு யூசருக்கும் தனியாக இருக்கும் புரோகிராம் தகவல் ஃபோல்டர்) – லோக்கல் – விர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. எக்ஸ்புளோரர் வழியே போய் ஐஎன்ஐயை நோட்பேடில் திறந்தால் பழைய மதிப்பு, புரோகிராம் காட்டுவது புது மதிப்பு. 64 பிட் புரோகிராமுக்கு இந்தச் சலுகை கிடையாது; விர்ச்சுவல்ஸ்டோரில் இருப்பது அதற்குத் தெரியாது, எழுதப் போனால் நேராக அனுமதி மறுப்புதான். "64 பிட்டுக்கு மாற்றியதும் செட்டிங்ஸ் எல்லாம் போச்சு" என்று பலர் புலம்புவது இதனால்தான். அட்மினாக ஓட்டச் சொல்வது தீர்வே அல்ல. பில் போடுபவர் கையில் முழுக் கணினியின் சாவியையும் கொடுத்ததாகிவிடும்.

அந்த செட்டிங் யாருடையது என்று பாருங்கள். இடம் தானே தெரிந்துவிடும். எழுத்தளவு, நிறம், ஷார்ட்கட் போன்றவை ஆளைச் சேர்ந்தவை: ஆப்டேட்டா ரோமிங். பிரிண்டர் பெயர், விண்டோ இருந்த இடம், கேஷ் எல்லாம் அந்த ஆளுக்கு அந்தக் கணினியில் மட்டும் பொருந்துபவை: ஆப்டேட்டா லோக்கல். அலுவலக டொமைனில் ரோமிங் புரொஃபைல் (எந்தக் கணினியில் லாகின் செய்தாலும் யூசரின் செட்டிங்ஸ் கூடவே வரும் ஏற்பாடு) இருந்தால் ரோமிங் ஃபோல்டர் சர்வருக்கும் கணினிக்குமாகப் போய் வரும். லாக் கோப்புகளை அங்கே குவித்தால் லாகின் ஆவதே இழுக்கும்.

கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், டேட்டாபேஸ் சர்வர் முகவரி ஆகியவை எல்லா யூசருக்கும் பொது: புரோகிராம்டேட்டா ஃபோல்டர். இங்கே ஒரு பொறி உண்டு. இயல்பான அனுமதிகளின்படி இங்கே யாரும் கோப்பு உருவாக்கலாம், ஆனால் சாதாரண யூசர்களில் உருவாக்கியவர்தான் அதைத் திருத்த முடியும். காலை ஷிஃப்ட் யூசர் உருவாக்கிய கோப்பை மாலை ஷிஃப்ட் யூசரால் சேமிக்க முடியாது. அதனால் ஃபோல்டரை இன்ஸ்டாலரே உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்குத் திருத்தும் அனுமதி கொடுக்கட்டும். எக்ஸிஇ, டிஎல்எல் (புரோகிராம் பயன்படுத்தும் துணைக் கோடு கோப்பு) எதையும் அதில் வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அவற்றை மாற்றி வைத்துவிடலாம்.

சி டிரைவ், யூசர்ஸ் என்று பாதையைக் கையால் எழுதாமல் சிஸ்டத்திடமே கேளுங்கள். டாட் நெட்டில் அதற்கு என்விரான்மென்ட் கிளாஸின் கெட்ஃபோல்டர்பாத் இருக்கிறது. அதற்குள் உங்கள் நிறுவனம், புரோகிராம் பெயரில் உள்ஃபோல்டரை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் (செட்டிங்ஸுக்கான விண்டோஸின் சொந்தக் களஞ்சியத்தில்) வைப்பதும் தவறில்லை; ஆனால் ஒரு கோப்பை பேக்கப் எடுப்பதும், கோளாறு வந்தால் அனுப்பச் சொல்வதும் சுலபம் என்பதால் நான் கோப்பையே சொல்வேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் அதில் வெறும் எழுத்தாக வைக்க வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் என்கிரிப்ஷன் வசதியான டிபிஏபிஐ கொண்டு என்கிரிப்ட் செய்யுங்கள்.

எழுதும் முறையும் முக்கியம். இருக்கும் கோப்பையே திறந்து மேலெழுதும்போது கரண்ட் போனால், காலியான கோப்பே மிஞ்சக்கூடும். அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஸ்க்குக்கு ஃபிளஷ் செய்து (நினைவகத்தில் தங்காமல் டிஸ்க்கில் எழுதச் செய்து), பிறகு டாட் நெட் ஃபைல் கிளாஸின் ரீப்ளேஸால் பழைய கோப்பின் இடத்தில் அதை மாற்றுங்கள். முதல் தடவை பழைய கோப்பு இருக்காது, ரீப்ளேஸ் எரர் தரும். அப்போது மட்டும் அதே கிளாஸின் மூவ்.

ஏற்கெனவே நிறுவிய கடைகளுக்கு: புதிய பதிப்பு முதல்முறை ஓடும்போது பழைய ஐஎன்ஐயை எடுத்துக்கொள்ளட்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்கு முன்னால் விர்ச்சுவல்ஸ்டோரில் தேடுங்கள். எழுதியது அங்கே திருப்பிவிடப்பட்டிருந்தால், கடைக்காரர் கடைசியாக மாற்றிய மதிப்புகள் அங்கேதான் இருக்கும்.