ஏறமுன்னம் விலை: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெருநகரப் பயணம் பற்றியவை. பிள்ளைகளைப் பார்க்க, வைத்தியத்துக்கு, கலியாணச் சேலை எடுக்க என்று போய் வந்தவர்களும் போகப்போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: கொழும்பில் சுரங்க ரயில் ஓடப்போகிறது, இப்பவே அட்டை எடுத்தால் அரைவிலை என்று ஒருவர் வீடு வீடாகப் பதிகிறார். எடுக்கலாமா? — ஒட்டுசுட்டான்

பதில்: எடுக்க வேண்டாம். கொழும்பில் சுரங்க ரயில் கிடையாது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பான் கடனில் போட இருந்த இலகு ரயிலைக்கூட 2020இல் கைவிட்டார்கள். அதுவும் தூண்களின் மேல் ஓட இருந்தது, நிலத்துக்குக் கீழே அல்ல. ஏற்கனவே காசு கொடுத்த அயலவர்கள் இருந்தால் எல்லோரும் ஒன்றாகப் போய்ப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

கேள்வி: மகள் லண்டன் ஈஸ்ற்ஹாமில் இருக்கிறாள். ஹீத்ரோவில் இறங்கி நானே ரயிலில் போக ஆசை. இங்கேயே ஒரு ஏழு நாள் பாஸ் வாங்கிக்கொண்டு போகட்டா? — புதுக்குடியிருப்பு

பதில்: தாராளமாக ரயிலில் போங்கள். பாஸ் வாங்காதீர்கள். வயதானவர்கள் ஒரு நாளில் எத்தனை தரம் வெளியே போவார்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். இரண்டு பயணத்தோடு காலாவதியான பாஸ் ஒன்று என் லாச்சியிலும் கிடக்கிறது.

லண்டனில் தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை ஒன்று போதும். வாசலில் உள்ள மஞ்சள் வட்டத்தில் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை தொட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஒயிஸ்ரர் என்ற லண்டன் பயண அட்டையிலும் இதே கட்டணந்தான். ஒரு நாளில் எவ்வளவு ஓடினாலும் ஒரு உச்சத் தொகைக்கு மேல் வெட்டாது. திங்கள் முதல் ஞாயிறு வரை வார உச்சமும் உண்டு. அதுதான் பாஸ் தேவையில்லை என்கிறேன். இலங்கை வங்கி அட்டை என்றால், போகமுன்னம் கிளைக்குப் போய் இரண்டு விடயம் கேளுங்கள். வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டை திறந்திருக்கிறதா? நாணய மாற்றுக்கு எத்தனை வீதம் மேலதிகமாக வெட்டுவார்கள்? அந்த வீதம் கூட என்றால் மகளை ஒரு ஒயிஸ்ரர் அட்டை எடுத்துக் காசு போட்டுத் தரச் சொல்லுங்கள். அட்டைக்குக் கட்டும் காசு திரும்பி வராது. ஆனால் அடுத்த பயணத்துக்கும் அதே அட்டை பாவிக்கலாம்.

ஹீத்ரோவில் மூன்று விதமான ரயில் இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று விலை. 2025 கட்டணத்தைச் சொல்கிறேன். கடும்நீலக் கோடான பிக்காடிலியில் நகர நடுவுக்கு 5.80 பவுண். ஊதா நிற எலிசபெத் கோட்டில் 13.90. பாடிங்ரனுக்குக் கால் மணித்தியாலத்தில் ஓடும் எக்ஸ்பிறஸ் 25. இந்த எக்ஸ்பிறஸின் விளம்பரந்தான் விமான நிலையம் முழுக்கக் கண்ணில் படும். உங்களுக்கு அது உதவாது. பாடிங்ரன் நகரத்தின் மேற்குப் பக்கம், உங்கள் மகள் கிழக்கில்.

பிக்காடிலியில் ஏறி ஹமர்ஸ்மித்தில் இறங்குங்கள். படி ஏற வேண்டியதில்லை. அதே மேடையின் மறுபக்கத்தில் பச்சை நிற டிஸ்ரிக்ற் ரயில் வரும். பார்க்கிங் அல்லது அப்மினிஸ்ரர் என்று எழுதியிருந்தால் ஏறுங்கள், நேரே ஈஸ்ற்ஹாம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம் போகும். அவசரம் என்றால் எலிசபெத்தில் வைற்சப்பல் வரை போய் அங்கே டிஸ்ரிக்ற்றுக்கு மாறலாம். ஏறக்குறைய இருபது நிமிடம் மிச்சம், காசு இரண்டு மடங்குக்கும் மேல். வாசலில் தொடாமல் வெளியே வந்தால் உச்சக் கட்டணம் வெட்டப்படும் என்பதை மறக்க வேண்டாம். அப்படி நடந்தால் மகள் இணையத்தில் கணக்குத் திறந்து திருத்தம் கேட்கலாம்.

விமான நிலைய வாசலில் “ரக்சி வேணுமா அம்மா” என்று தமிழிலேயே ஒருவர் கேட்டாலும் போகாதீர்கள். லண்டனில் கை காட்டி ஏறக்கூடியது மீற்றர் உள்ள கறுப்பு ரக்சி மட்டுந்தான். மற்ற வாடகைக் கார் எல்லாம் முன்பதிவில்தான் ஓடலாம். ஆள் பிடிக்கிறவரின் காரில் ஏறினால் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே அட்டையைத் தொட்டு லண்டன் ரயிலில் போகலாமா? — வவுனியா

பதில்: முடியாது. ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையால் உள்ளே போய், அதே அட்டையை ஏற்றிய கைபேசியால் வெளியே வந்தாலும் இரண்டு அரைகுறைப் பயணமாகவே கணக்கில் விழும்.

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து ரெயினில் போய்க் கொழும்பு கோட்டை நிலையத்தில் விடியற்காலை இறங்கினோம். வெள்ளவத்தைக்கு ஓட்டோவுக்கு 2500 ரூபாய் கொடுத்தோம். இது நியாயமான விலையா? — கிளிநொச்சி

பதில்: இல்லை. எட்டு ஒன்பது கிலோமீற்றர் தூரம். ஓட்டோ பிடிக்கும் கைபேசிச் செயலியில் சாதாரண நேரத்தில் பார்த்தால் அதில் பாதிகூடக் காட்டாது. ஆனால் எனக்கு விலையைவிட வேறொன்றுதான் மனவருத்தம், பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சனம் கோட்டையில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது. வெள்ளவத்தைக்குப் போகும் ரெயின் அதே நிலையத்தில், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கரையோரப் பாதையில் செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டினால் ஐந்தாவது நிறுத்தம் வெள்ளவத்தை. இருபது நிமிடப் பாடு. மூன்றாம் வகுப்பு ரிக்கெற் ஒரு தேத்தண்ணிக் காசுக்குள் அடங்கும். காலையில் கூட்டம் எல்லாம் கோட்டையை நோக்கி வரும். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் இருக்க இடமும் கிடைக்கும். கொள்ளுப்பிட்டி கழிய வலப்பக்கம் கடல் தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டே வரும், முதல் தரம் கொழும்பு போகும் பிள்ளைகளை அந்தப் பக்க யன்னலில் இருத்துங்கள். வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கி ஒரு ஒழுங்கை நடந்தால் காலி வீதி.

கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. கையில் இருக்கும் ரிக்கெற் கோட்டையோடு முடிந்தால் வெளியே வந்து புதிதாக எடுத்துக்கொண்டுதான் திரும்ப உள்ளே போக வேண்டும். ரிக்கெற் இல்லாமல் அகப்பட்டால் தண்டம் கட்ட வேண்டும். காலி, மாத்தறை போகும் கடுகதி எல்லாம் வெள்ளவத்தையில் நிற்காது. கல்கிசை, பாணந்துறை, களுத்துறைப் பக்கம் போகும் எல்லா இடமும் நிற்கும் ரெயினா என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள், அல்லது கவுண்டரில் கேளுங்கள். பின்னேரம் நாலரை தொடங்கி ஆறரை வரை பெரிய பெட்டியோடு இந்த ரெயினில் ஏற முயல வேண்டாம், கதவில் தொங்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரம் 100, 101 இலக்க பஸ் காலி வீதியால் போகும். அதுவும் நிறைந்துதான் வரும், ஆனால் தள்ளுப்படாமல் நின்று அடுத்ததைப் பார்க்கலாம்.

ஓட்டோதான் வேண்டும் என்றால் வாசலில் பேரம் பேசத் தொடங்காதீர்கள். நிலையத்துக்குள் நின்றபடியே பிக்மி அல்லது ஊபர் செயலியைத் திறந்து விலையைப் பாருங்கள், அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஓட்டோ வந்ததும் இலக்கத் தகட்டைச் செயலியில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். “கான்சல் பண்ணிப்போட்டு ஏறுங்கோ, அதே காசுதான்” என்று சாரதி சொன்னால் இறங்கிவிடுங்கள். கான்சல் செய்த நிமிடமே அந்தப் பயணத்துக்குப் பதிவு இல்லை. பிறகு விலை கூடினாலும், பை தவறினாலும் யாரிடமும் கேட்க முடியாது. மீற்றர் ஓட்டோ என்றால் நீங்கள் ஏறிய பிறகுதான் மீற்றர் தொடக்கத் தொகையில் இருந்து ஓடத் தொடங்க வேண்டும். முன்னைய ஆளின் தொகை அப்படியே நின்றால் அழிக்கச் சொல்லுங்கள். மீற்றர் பழுது என்றால் வேறு ஓட்டோ.

கேள்வி: புறக்கோட்டையில் இரவு ஓட்டோவால் இறங்கும்போது 5000 ரூபாய்த் தாள் கொடுத்தேன். “நீங்கள் தந்தது ஐந்நூறு” என்று காட்டி இன்னும் காசு கேட்டான். எனக்கு 68 வயது. நான்தான் பிழை விட்டேன் என்று பிள்ளைகள் பேசுகிறார்கள். — மாங்குளம்

பதில்: அம்மா, நீங்கள் பிழை விடவில்லை. இது கை மாற்றும் திருட்டு. 500 தாள் ஊதா, 5000 தாள் பொன்னிறம். பகலில் யாரும் மாற மாட்டார்கள். அதனால்தான் இருட்டில், அவசரப்படும் ஆளிடம் செய்கிறார்கள். கையில் ஒரு 500 தாளைத் தயாராக மடித்து வைத்திருந்து, உங்கள் தாளைக் கீழே விட்டுவிட்டு அதைக் காட்டுவார்கள். உங்கள் பிள்ளைகள் இந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே நூறும் ஐந்நூறுமாக மாற்றிக்கொண்டு போங்கள். பெரிய தாள்தான் இருக்கிறது என்றால் ஏறமுன்னமே சொல்லி, வெளிச்சமான கடை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். கொடுக்கும்போது “இந்தாங்கோ, ஐயாயிரம்” என்று வாய்விட்டுச் சொல்லி, மிச்சக்காசு வரும் வரை தாளின் ஒரு நுனியை விடாதீர்கள். சண்டை வந்தால் வண்டி இலக்கத்தைப் பார்த்து 119 பொலிஸ் இலக்கத்துக்கு எடுங்கள். இலக்கத்தை உரத்து வாசித்தாலே பலர் தாளைத் “தேடி” எடுத்துத் தந்துவிடுவார்கள்.

கேள்வி: வவுனியாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்தோம். முழுக்காசும் முதலே கொடுத்தாயிற்று. புத்தளம் பாதையால் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஹைவே காசு, தரிப்பிடக் காசு, சாரதி சாப்பாடு என்று இன்னும் வாங்கினார்கள். பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை. பேசும்போது இதெல்லாம் கேட்கவில்லை. என்ன செய்யலாம்? — வவுனியா

பதில்: பேசும்போது கேட்கவில்லை, முழுக்காசும் முதலே கொடுத்தீர்கள், துண்டு வாங்கவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு எழுதும் கடிதம் மாதா மாதம் வருகிறது. பறக்கிற அன்று காலை பேரம் பேச உங்களால் முடியாது என்பது வான்காரருக்குத் தெரியும். ஆகவே பேச வேண்டிய நாள் அதற்கு ஒரு கிழமை முந்தியது.

ஆனாலும் ஒன்றைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் போனது அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழி. 2013இல் திறந்த கட்டுநாயக்கா அதிவேகப் பாதை கொழும்புப் பக்கம் பேலியகொடையில் தொடங்கி விமான நிலையத்துக்கு வருவது. வடக்கிலிருந்து நீர்கொழும்பால் வந்த வான் அதில் ஏறவே தேவையில்லை. ஹைவே ரிக்கெற்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தக் காசு உங்களுடையது. தராவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்; வண்டி இலக்கம், திகதி, நீங்கள் கைபேசியில் பேசிய நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள்.

அடுத்த முறை முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். வாகன இலக்கம், வெளிக்கிடும் நேரம், எத்தனை பேர், எத்தனை பெட்டி, ஏசி உண்டா, எந்தப் பாதை, தரிப்பிடமும் சாப்பாடும் யார் செலவு, விமானம் பிந்தினால் காத்திருப்புக்கு எவ்வளவு என்று வட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள். அந்த ஒரு சொல்தான் உங்கள் பற்றுச்சீட்டு.

கேள்வி: பலாலியிலிருந்து சென்னைக்குப் போய், கலியாண உடுப்பு எடுக்கத் தி.நகர் போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து மெற்றோவா, ரக்சியா? — மன்னார்

பதில்: முதல் நாள் பெட்டியோடு போகும்போது மெற்றோவில் தேனாம்பேட்டை அல்லது நந்தனம் வரை போய், அங்கிருந்து செயலியில் ஆட்டோ பிடியுங்கள். நீலக் கோட்டில் மாறாமல் போகலாம். கிண்டி கழிந்து கொஞ்சத்தில் ரயில் நிலத்துக்கு அடியில் இறங்கும். மெற்றோவின் ஆகக்கூடிய கட்டணமே 50 இந்திய ரூபாய். செயலியை இங்கேயே இறக்கி, உங்கள் இலக்கத்தில் பதிந்துகொண்டு போங்கள். அங்கே போன பிறகு உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வராமல் பலர் நிற்கிறார்கள்.

பெட்டி இல்லாத நாளில் மின்சார ரயில் நல்லது. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையம், அங்கிருந்து ஆறாவது நிறுத்தம் மாம்பலம். 10 ரூபாயைத் தாண்டாது. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு காலடியில். அந்த நெரிசல் வேண்டாம் என்றால் 2023இல் கட்டிய நடைமேம்பாலத்தால் தி.நகர் பஸ் நிலையம் வரை மேலாலேயே போகலாம்.

கேள்வி: சென்னையில் இறங்கித் திருச்சி பஸ் பிடிக்கக் கோயம்பேட்டுக்கு மெற்றோ எடுக்கட்டா? — முல்லைத்தீவு

பதில்: கோயம்பேடு போக வேண்டாம். தெற்கே போகும் பஸ்கள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. அது விமான நிலையத்துக்குத் தெற்கே, கோயம்பேடு வடக்கே.

கேள்வி: சிங்கப்பூரில் இரவு ஒரு மணிக்கு ரக்சி. மீற்றரில் காட்டியதைவிட அரைவாசி கூட வாங்கினார்கள். ஏமாற்றுத்தானே? — செட்டிகுளம்

பதில்: இல்லை. அங்கே நள்ளிரவு 12 தொடங்கி காலை 6 வரை மீற்றருக்கு மேல் 50 வீதம் சட்டப்படி உண்டு. வேலை நேர நெரிசலில் 25 வீதம்.

கேள்வி: பாரிஸ் லாச்சப்பலில் தங்கை வீடு. விமான நிலையத்தில் ஒருவர் 120 யூரோ கேட்டார் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். — நெடுங்கேணி

பதில்: சார்ள் டி கோல் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் ரக்சிக்கு அரசு வைத்த ஒரே விலை இருக்கிறது. 2025இல் ஸேன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. லாச்சப்பல் வலக்கரை. வரிசையில் நிற்கும், கூரையில் விளக்குள்ள ரக்சிக்குத்தான் இது பொருந்தும். உள்ளே வந்து ஆள் கூப்பிடுகிறவருக்கு அல்ல. ரயில் என்றால் ஆர்இஆர் பி என்ற நகர ரயில், அதே ஆண்டில் 13 யூரோ. கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் லாச்சப்பலுக்கு நிலத்தடி நடைபாதை இருக்கிறது. ரிக்கெற்றை வெளியே வரும் வரை எறிய வேண்டாம், உள்ளே பரிசோதகர்கள் நிற்பார்கள்.

கேள்வி: சுரங்க ரயிலுக்கு எந்தப் பெட்டி நல்லது? — பூநகரி

பதில்: ஒரு கையால் இருபது படி தூக்கக்கூடிய பெட்டி. பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. நாலு சில்லுப் பெட்டி சமதரையில் சுகம், ஆனால் ரயில் நிற்கும்போது தானாக உருண்டு போகும். இரண்டு சில்லுப் பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். கடையில் பெட்டிக்குள் பத்துக் கிலோ சாமான் போட்டு இழுத்துப் பாருங்கள், சில்லின் அச்சு உலோகமா பிளாஸ்ரிக்கா என்று கவிழ்த்துப் பாருங்கள். நான் நிறத்தைப் பார்த்து வாங்கிய பெட்டியின் சில்லு மூன்றாவது படியில் கழன்றது. இழுக்கும் கைபிடியை முழுக்க நீட்டி இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். ஆடினால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.